தங்கச்சிக்கு முன்னால்

என்னுடைய ஆய்வின் தொடக்கத்தை நம்பினால், கிளிநொச்சியில் ஆண்கள் யாரும் குடிப்பதே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் ஈரல் வீங்கி, கண் மஞ்சளாகிப் படுத்திருந்தவர்கள்கூடக் குடிப்பதில்லை. கோயில் திருவிழா முடிந்த கையோடு கொஞ்சம், கூட்டாளியின் கலியாணத்தில் கொஞ்சம், அதுவும் மற்றவர்கள் வற்புறுத்தினபடியால். கள்ளைப் பற்றிக் கேட்டால் சிரித்தார்கள். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, அதைக் குடியில் சேர்த்தது யார் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

நான் ஒரு தாதி. ஆண்கள் மருத்துவ வாட்டில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பும் படித்தேன். கடைசி வருடத்தில் ஆளுக்கொரு ஆய்வு செய்ய வேண்டும். நான் எடுத்தது ஆண்களின் குடி. அது எங்கே பழக்கமாக இருக்கிறது, எங்கே நோயாகிறது என்று பார்ப்பது. என்னோடு ஒரே வாடகை வீட்டில் இருந்து, ஒரே வாட்டில் வேலை செய்து, ஒரே படிப்பைப் படித்த சிநேகிதி வேறொன்றை எடுத்தாள். தாதிகள் மனதில் பட்டதைத் தயங்காமல், சண்டையும் பிடிக்காமல், சொல்ல வேண்டியவரிடம் சொல்லுகிறார்களா என்பது அவளுடைய ஆய்வு. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்லில் பெயர் இருந்தது. தமிழில் என்ன போடுவது என்று இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வாட்டின் மூத்த தாதி ஒருவர் எட்டிப் பார்த்தார். "வாய் காட்டுறது எண்டு போடுங்கோ பிள்ளையள், எல்லாருக்கும் விளங்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் துணிந்துரைத்தல் என்று போட்டோம். ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஏன் குடியை எடுத்தாய் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, வாட்டில் தினமும் காண்கிற விஷயம் என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது என்னுடைய அண்ணா. குடியைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் படித்து முடித்தால் அவரை எப்படியாவது திருப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அண்ணா என்னைவிட நன்றாக மூத்தவர். அப்பா இல்லாத வீட்டில் வட்டக்கச்சி வயலை அவர்தான் பார்த்தார், என்னையும் அவர்தான் பார்த்தார். உயர்தர வகுப்புக்குச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவார். மழை வந்தால் உரப்பையைப் பிரித்து என் தலையில் போட்டுவிட்டு, தான் நனைந்தபடி மிதிப்பார். வழிநெடுகக் கதைதான். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுகிறபோது சண்டை பிடிக்கிறவர்கள் எல்லாரையும் அந்தந்தக் குரலில் நடித்துக் காட்டுவார். வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகும் நினைத்து நினைத்துச் சிரித்து நான் பேச்சு வாங்கியிருக்கிறேன். வவுனியாவில் தாதிப் பயிற்சியில் இருந்த காலத்தில், விடுமுறைக்கு வரும் நாளில் பஸ் தரிப்பில் எனக்கு முன்பாக வந்து நிற்பார். கையில் பேப்பரில் சுற்றிய றோல்ஸ் இருக்கும். "ஆஸ்பத்திரிச் சோறு திண்டு காய்ஞ்சு போனாய்," என்பார். நான் கொழுத்துப்போய் வந்த வருடமும் அதையேதான் சொன்னார்.

அவர் எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணன்மார் தங்கச்சிக்கு முன்னால் குடிப்பதில்லை. குடித்துவிட்டு முன்னால் வந்து நிற்பதும் இல்லை. குடிவெறியில் ஊர் முழுவதையும் தூஷணத்தால் கழுவிக்கொண்டு வருகிறவன்கூட, ஒழுங்கையில் தங்கச்சி வருவதைக் கண்டால் வாயை மூடி வேலியோரம் ஒதுங்கிவிடுவான். அதை மரியாதை என்று சொல்லுவோம். மரியாதைதான். அந்த மரியாதைதான் என் அண்ணாவை என்னிடமிருந்து கொண்டுபோனது. குடி கூடக் கூட, அவர் எனக்கு முன்னால் வரக்கூடிய நேரம் குறைந்துகொண்டு வந்தது.

வேலை கிடைத்துக் கிளிநொச்சி ரவுனில் வீடு எடுத்த பிறகு, விடுமுறை நாட்களில் வட்டக்கச்சிக்குப் போவேன். படலையைத் திறக்கும்போதே அண்ணி குசினிக்குள் இருந்து, "தங்கச்சி வாறா," என்று உரத்துச் சொல்லுவா. என்னை வரவேற்கிறா என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். அது அண்ணாவுக்குக் கொடுக்கிற அறிவிப்பு. பின்பக்கத்துப் படலை இழுபடும், சைக்கிள் ஒன்று வாய்க்கால் பக்கம் போகும். நான் போய் உட்காரும் கதிரையில் ஆள் இருந்த சூடு ஆறாமல் இருக்கும். திரும்பும்போது அண்ணி ஒரு பையைத் தருவா. முருங்கைக்காய், குளத்து மீன் கருவாடு, சில நேரம் புது அரிசி. "கொண்ணர் தரச் சொன்னவர்," என்பா. எனக்குப் பத்திக்கொண்டு வரும். முருங்கைக்காயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் முன்னால் இருந்து யாரையாவது நடித்துக் காட்ட வேண்டும், நான் சிரிக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஃபோன் ஒன்று மிஞ்சியிருந்தது. முதலில் மத்தியானம் வரைக்கும் எந்த நேரம் எடுத்தாலும் கதைப்பார். பிறகு காலைச் சாப்பாட்டுக்கு முன் எடுத்தால்தான் கதைப்பார். பிறகு விடிகிற நேரம், நான் வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரத்தில், ஒரு கையில் சீப்போடு தலை இழுத்துக்கொண்டு மற்றக் கையில் ஃபோனைப் பிடித்தபடி அவரோடு கதைத்தேன். கொஞ்சக் காலத்தில் அந்த நேரத்திலும் மணி அடித்து ஓய்ந்தது. நித்திரை என்று நினைத்தேன். ஆய்வுக்கான வினாக்கொத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. காலையில் எழுந்ததும், ஒரு வேலை தொடங்குவதற்கு முதலே, குடிக்கத் தேவைப்படுகிறதா? அவர் நித்திரையாக இருக்கவில்லை. எனக்கென்று வைத்திருந்த கடைசி நேரமும் குடிக்குப் போய்விட்டது.

இப்படியிருக்க, என் ஆய்வில் ஊரே குடிக்காமல் இருந்தது. சிநேகிதிக்கு அது பெரிய பகிடி. "உன் ஆராய்ச்சிப்படி பார்த்தா கள்ளுத் தவறணைய எல்லாம் இழுத்துப் பூட்டிறலாம்," என்றாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் கிளிநொச்சியில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனாலும் வீட்டில் கதைக்கிற மலையகப் பேச்சு வாயில் அப்படியே இருந்தது. நான் கேள்வி கேட்கிற விதத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் கூடவே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

நான் வழக்கம்போலத் தொடங்கினேன். "அண்ணா, சாப்பிட்டியளோ? அண்ணா, ஒரு சின்னக் கேள்வி கேட்கவேணும், மறைக்காமல் சொல்லுங்கோ." நோயாளியோடு முதலில் நெருக்கமாக வேண்டும் என்றுதான் படிப்பித்திருந்தார்கள். எங்களுக்கு நெருக்கம் என்றால் உறவுமுறை வைப்பதுதான். அந்த மனிசன் போர்வையை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு, "சீச்சீ, இல்லைத் தங்கச்சி," என்றார். கை நடுங்கியது. தலைமாட்டில் நின்ற மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்தா.

வெளியே வந்ததும் சிநேகிதி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ அண்ணானு கூப்பிட்டா அவரு அண்ணனாத்தான் இருப்பாரு. எந்த அண்ணன் தங்கச்சிக்கிட்ட குடிய பத்திச் சொல்லுவான்?"

என் வீட்டில் நடப்பதை நானே வாட்டுக்குள் கொண்டுவந்து, கட்டிலுக்குக் கட்டில் பரப்பிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது.

அடுத்த நாள் அவள் அதே மனிசனிடம் போனாள். முறை ஒன்றும் வைக்கவில்லை. கையில் வினாக்கொத்தை வைத்துக்கொண்டு, இரத்த அழுத்தம் கேட்கிற குரலில், "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க? சாராயமா, கள்ளா, ரெண்டுமா?" என்றாள். அவர் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிந்தபோது அவருக்கே ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, அதன் பிறகு எனக்காகக் கேள்விகளை அவளே கேட்டாள். கைமாறாக அவளுடைய வினாக்கொத்தை நான் மற்ற வாட்டுகளுக்குக் கொண்டு திரிந்தேன். அதில் எல்லாத் தாதிகளும் சிங்கங்கள். வைத்தியர் பிழையாகச் சொன்னால் திருத்துவேன், சொல்ல வேண்டியதை எவர் முன்னாலும் சொல்லுவேன். நானும் அப்படித்தான் நிரப்பிக் கொடுத்தேன். காலையில் வைத்தியர்கள் பார்வையிட வரும்போது அதே சிங்கங்களான நாங்கள் வாய் திறக்காமல் கட்டில் காலோடு காலாக நின்றோம்.

பெரும்போக நெல் கதிர் தள்ளியிருந்த நேரத்தில் அண்ணாவைப் பாம்பு கடித்தது. பின்னேரம் வாய்க்கால் வரம்பில் புடையனை மிதித்திருக்கிறார். அடுத்த நாள் நான் காலை வேலைக்கு வந்தபோது எங்கள் வாட்டில், கதவோரக் கட்டிலில் கிடந்தார். கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றி, விஷத்தால் உறையாமல் போன இரத்தம் மறுபடி உறையத் தொடங்கியிருந்தது, ஆபத்து ஓரளவு தாண்டிவிட்டது என்றார்கள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவருடைய முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தேன். தாடைக்குக் கீழே தசை வற்றியிருந்தது. என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பினார்.

வைத்தியர்கள் வருவதற்குள் அவருக்கு நடுக்கம் தொடங்கிவிட்டது. வேர்த்துக் கொட்டியது, நாடி ஓடியது. ஏற்றிய மருந்து ஒத்துக்கொள்ளாமல் நடுங்குகிறதா, விஷம் நரம்பில் வேலை செய்கிறதா, இன்னொரு தரம் மருந்து ஏற்றுவதா என்று கட்டிலுக்கு மேலால் கதைத்துக்கொண்டார்கள். இளம் வைத்தியர் இரவே விசாரித்திருந்தார், குடி இல்லை என்றார். நான் இல்லாத நேரத்திலும் அண்ணா அதைத்தான் சொல்லியிருந்தார். அது தங்கச்சி வேலை செய்கிற வாட்டு.

பெரிய வைத்தியர் நல்லவர். தானே ஒரு தடவை குனிந்து கேட்டார். "குடிக்கிறனீங்களோ?"

அண்ணா வைத்தியரின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இல்லை டொக்டர்," என்றார்.

அண்ணி நிலத்தைப் பார்த்தா. மற்றப் பக்கம் சிநேகிதி மருந்துத் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். அந்த நடுக்கம் என்ன நடுக்கம் என்று எனக்குத் தெரியும். குடிக்கிறவனுக்குக் குடி திடீரென்று நின்றால் வருவது. அதைப் பற்றித்தான் நான் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், செத்தும் போகலாம். சொன்னால், தங்கச்சிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று இவ்வளவு காலமாக வேலிக்கு வேலி ஒளித்துத் திரிந்த மனிசனை, ஒரு வாட்டு ஆட்களுக்கு நடுவில் நான் உரித்துவிடுவேன். வைத்தியர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"டொக்டர், அவர் குடிக்கிறவர்," என்றேன். "கனகாலமா. காலமை எழும்பினவுடனயே குடிக்கிறவர்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், மிஸ்?"

"என்ர அண்ணா."

வைத்தியர் திரும்பி வந்து, நாக்கை நீட்டச் சொல்லி, கைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். மருந்து மாறியது. அண்ணா கண்களை மூடிக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் அவருக்குக் கொஞ்ச நேரம் புத்தி தடுமாறியது. வயலுக்குள் மாடு இறங்கிவிட்டது என்று கட்டிலில் கிடந்தபடியே அதைக் கலைத்தார். என்னை யாரென்று தெரியவில்லை. பக்கத்து வயல்காரியின் பிள்ளை என்று நினைத்திருக்க வேண்டும். "பிள்ளை, ஓடிப்போய் அந்தப் பக்கத்தால மறி," என்றார். நான் போய்க் கட்டிலின் அந்தப் பக்கத்தில் நின்று மறித்தேன். மாட்டுக்காரனை அவனுடைய குரலிலேயே ஏசினார். அச்சு அசல் அந்தக் குரல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. நான் யாரென்று தெரியாததால்தான் அவர் எனக்குக் கிடைத்திருந்தார். மருந்தைக் கொடுக்க வேண்டிய நேரம் வந்தது, கொடுத்தேன். கொஞ்சத்தில் நித்திரையானார்.

தெளிந்த பிறகு என்னோடு நேரே கதைக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், "அவவிட்டக் கேள்," என்று அண்ணியிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றபடியே அண்ணியின் வாயால் அதைக் கேட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகிற நாளில், குடியை விடுவதற்கான கிளினிக்கைப் பற்றி வைத்தியர் சொன்னபோது தலையாட்டினார். முச்சக்கரவண்டியில் ஏறும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உயிரைக் காப்பாத்திட்ட, அதை நினை," என்றாள் சிநேகிதி. நீ ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை, உனக்கும் தெரியும்தானே என்று நான் அவளிடம் பாய்ந்தேன். "அது உன் அண்ணன்," என்றாள். "நான் சொல்லியிருந்தா உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிருக்கும்." அவள் சொன்னது சரி. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

அறுவடை முடிந்தது, சிறுபோக விதைப்பும் தொடங்கியது. அவர் கிளினிக்குக்கு வரவில்லை. வட்டக்கச்சிக்குப் போனால் அண்ணி இப்போது உரத்துச் சொல்லுவதில்லை, ஆனாலும் கதிரை வெறும் கதிரைதான். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது, வருவார் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வாட்டில் யாராவது குரலை மாற்றிக் கதைத்தால் திரும்பிப் பார்ப்பேன். பஸ் தரிப்பைக் கடக்கும்போது, பயிற்சிக்காலம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், கண் தானாக அங்கே போய் ஆளைத் தேடும். ஆய்வை எழுதி முடித்தேன், நல்ல புள்ளியும் கிடைத்தது. குடும்பத்தின் துணை முக்கியம் என்று கடைசிப் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். துணை நிற்பதற்கு ஆள் அல்லவா வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிநேகிதி வேலைக்குப் போயிருந்தாள். நான் சோறு வடித்துவிட்டு வெளியே வந்தேன். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி அண்ணா நின்றார். தண்ணீர் தடவித் தலை இழுத்திருந்தார், சேட்டு தோய்த்து மடித்தது. கிட்டப் போவதற்கு முன்பே மணம் வந்தது. சைக்கிளை அவர் பிடித்திருந்தாரா, சைக்கிள் அவரைப் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாது.

"நான் குடிச்சிருக்கிறன், பிள்ளை," என்றார்.

"தெரியுது அண்ணா. வாங்கோ."

"உள்ளுக்கு வரலாமோ?"

நான் பிறந்ததில் இருந்து அவர் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. நான் சைக்கிளை வாங்கி மதிலோடு சாத்திவிட்டு, அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். சாப்பாடு போட்டுக் கொடுத்தேன். கை நடுங்கி, சோறு மேசையில் சிந்தியது. கூட்டிக் கூட்டி எடுத்துச் சாப்பிட்டார். நான் எதிரே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடித்துவிட்டு வந்திருக்கிற ஒருவரைப் பார்த்து ஒரு தாதி இவ்வளவு சந்தோஷப்படக் கூடாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"குடிக்காத ஒரு நாளில உன்னட்ட வருவம் எண்டுதான் ஒவ்வொரு நாளும் எழும்புறனான்," என்றார், தட்டைப் பார்த்தபடி. "அப்பிடி ஒரு நாள் வரவேயில்லை. உன்னைப் பார்க்காமல் இருக்கவும் ஏலாமல் போச்சு. அதான் இப்பிடியே வந்தனான்."

கிளினிக் நடக்கிற கிழமை, மருந்து, ஈரல், எல்லாம் என் வாய்க்குள் நின்றன. அவற்றைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லுவேன்.

"நாளைக்கும் வாங்கோ அண்ணா," என்றேன். "எப்பிடியெண்டாலும் வாங்கோ."

அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.